வேனின் இடப்பக்கம்

அமலனுக்கு நண்பர்கள் இரண்டே பேர். அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதில்லை; மற்றவர்கள்தான் அவரை வெட்கப்பட வைத்தார்கள். மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று மைத்துனர் ஞானதாஸ் பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்புட்டும் எங்க பக்கத்து ஆளுகளாவே இருக்கு. மாப்ளைக்கு ரெண்டு எலை போட்டா போதும் போல," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அமலனும் சிரித்துவைத்தார். அந்த இரண்டு இலைக்காரர்களும் அப்போது சமையல்கட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோற்று அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய கம்பியைப் பிரித்தெடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவார். நாள் முழுக்கக் குனிந்தே பார்க்கிற, வாய்க்கு வேலை இல்லாத தொழில். கூடப் படித்தவர்கள் திருப்பூர், சென்னை, துபாய் என்று கலைந்துபோய்ப் பிறந்தநாளுக்குப் போனில் பூப்படம் அனுப்புகிறவர்களாகிவிட்டார்கள். அமலனும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புவார். அதோடு சரி.

பொன்னழகு வந்தது ஒரு வறட்சிக் கோடையில். வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மல்லிகைத் தோட்டம் வாடுகிற பதற்றத்தில் எரிந்த மோட்டாரை இறக்கிவைத்தவர், கிளம்பாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க பாட்டுக்குக் கட்டுங்க. நான் பேசாம இருக்கேன்," என்றார். ஒரு நிமிடம்கூடப் பேசாமல் இருக்கவில்லை. மோட்டாரை ஏற்றிக்கொண்டு போன பிறகு கடை வெறிச்சென்று ஆனதை அமலன் உணர்ந்தார். அடுத்த வாரம் பொன்னழகு வேலையே இல்லாமல் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இன்னொருவர் அப்துல் லத்தீப். பேகம்பூரில் பஞ்சு மெத்தை தைத்து விற்பவர். தாடியில் எந்த நேரமும் இரண்டு இழை பஞ்சு ஒட்டியிருக்கும். அவருடைய பஞ்சு அடிக்கும் மிஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். அந்தச் சாக்கில் ஒட்டிக்கொண்டார்.

மூவரும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சந்தித்தவர்கள். ஒரே தெருவில் பம்பரம் விட்ட கதையோ, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிய கதையோ அவர்களுக்குள் கிடையாது. அதனாலோ என்னவோ, பார்த்துக்கொள்வதை அவர்கள் விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லத்தீபின் கடை ஷட்டர் பாதி இறங்கும். அடுக்கிய மெத்தைகள் மேல் ஏறி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மனைவி ரூபிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அமலனுக்கு ஒரு பக்கம் பொன்னழகும் மறுபக்கம் லத்தீபும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுதலாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொன்னழகு தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அது போதுமாக இருந்தது.

மழை குறைந்து பூ விளைச்சல் கைவிட்ட பிறகு பொன்னழகு ஒரு வேன் வாங்கினார். வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுகிற வேலை. வருஷக் கணக்காக ஓட்டினார். பெற்றவர்கள் அவரை நம்பித் தூக்கக் கலக்கத்திலிருக்கும் பிள்ளைகளைக் கையில் கொடுத்தார்கள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு, லத்தீபின் மகள் நிச்சயத்துக்கு மலைவாழைத்தார் வாங்க மூவரும் அந்த வேனில் சிறுமலைக்குப் போனார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லத்தீப் பின்சீட்டில் தார்களுக்கு நடுவில் தூங்கிப்போனார். அமலன் முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில், சாலையின் இடது ஓரமாக ஒருவர் தலையில் எலுமிச்சை மூட்டையோடு இறங்கிக்கொண்டிருப்பதை அமலன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பொன்னழகும் பார்த்திருப்பார், ஒதுக்குவார் என்று இருந்தார். வேன் ஒதுங்கவில்லை. அந்த ஆளின் முதுகு கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அழகு, ஆளு."

பொன்னழகு ஸ்டியரிங்கை ஒடித்தார். பக்கக் கண்ணாடி மூட்டையில் உரசியது. அந்த ஆள் புல்லில் போய் விழுந்தார். பழங்கள் சரிவில் உருண்டன. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. எழுந்து நின்று வாயில் வந்தபடி திட்டினார். பொன்னழகு கையைக் கூப்பிக்கொண்டே நின்றார். "வெளிச்சம் பத்தல அப்பு, வெளிச்சம் பத்தல," என்றார்.

வெளிச்சம் இருந்தது. அமலனுக்கு அந்த ஆளின் சட்டைக் கிழிசல்கூடத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, சில மாதங்களாகப் பார்த்தும் பாராமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. பொன்னழகு மெத்தைக் கடை ஷட்டரில் இடது தோளை இடித்துக்கொண்டது. லத்தீப் இடப்பக்கமிருந்து நீட்டிய டீ கிளாஸை வாங்காமலே பேசிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம், "எந்த லோகத்துல இருக்கே?" என்று கேலி செய்திருக்கிறார்கள். காலையில் அந்த வேன் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு வடமதுரை பஸ் ஏறினார். பொன்னழகு கிணற்றடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அமலன் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் அவருடைய இடப்பக்கமாகப் போய், கை எட்டும் தூரத்தில் நின்றார். பொன்னழகு ஏதோ முணுமுணுத்தபடி டயரில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பம்பின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அமலன் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் பொன்னழகு குழாயை எடுத்துக்கொண்டு திரும்பினார், அதிர்ந்துபோய்ப் பின்வாங்கினார்.

"எம்புட்டு நேரமா நிக்கிறே?"

"நீ என்னப் பாக்கலயா, அழகு?"

பொன்னழகு போய் பம்பை அணைத்தார். பிறகு வேனின் படியில் உட்கார்ந்தார்.

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"பாய்ட்ட?"

"யார்ட்டயும் இல்ல."

"போன வருஷமே டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுல அழுத்தமாம். எடது கண்ணு ஓரமெல்லாம் போயிருச்சு, வலதும் அரிக்க ஆரம்பிச்சிருக்காம். போனது வராதாம். மருந்து விட்டா இருக்கறது நிக்குமாம். வண்டிய விட்ருன்னாரு. கொஞ்ச நாள் மருந்து விட்டேன். வலியே இல்ல அமலா. வலிச்சிருந்தா மருந்த நிறுத்தியிருக்க மாட்டேன்."

"மூக்காயிக்குத் தெரியுமா?"

அவர் மனைவி பெயர் கேட்டதும் பொன்னழகு வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முழுப் பரீட்சை வரைக்கும் பொறு. அதோட வண்டிய நிறுத்திர்றேன். இம்புட்டு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்ல. ரோடு எனக்கு மனப்பாடம்."

"ரோடு மனப்பாடம். ரோட்டுல நடக்கறவனுமா?"

பொன்னழகு எழுந்தார். "வெளிய சொன்னேன்னா நமக்குள்ள ஒண்ணும் கெடையாது. அத மட்டும் தெரிஞ்சுக்க."

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அமலன் யோசித்தார். நூறு பேர் பழக்கமுள்ளவனுக்கு ஒருவன் போனால் ஒன்று குறையும். தனக்குப் பாதி போய்விடும். அந்த எண்ணம் அவரைத் திரும்ப நடக்க வைத்தது. "நாளைலேர்ந்து காலைலயும் சாயங்காலமும் நானும் கூட வாரேன். எடது பக்கத்த நான் பாத்துக்கறேன்," என்றார். பொன்னழகின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும், தான் செய்வது சரிதான் என்று அமலன் நம்பிக்கொண்டார்.

காலையில் நடைப்பயிற்சி என்று ரூபியிடம் பொய் சொன்னார். இருட்டு பிரியுமுன் பஸ் பிடித்துப் போய் வேனில் ஏறுவார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா பின்னால் இருப்பார். அமலன் முன்சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வருவார். "மாடு. பைக்கு. ஆளு. ஓரமா ஆட்டோ." பொன்னழகு தலையசைத்து ஒதுக்குவார். நாலுவழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் அமலன் சீட்டிலிருந்து பாதி எழுந்து எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் இறங்கிய பிறகுதான் முதுகு சீட்டில் சாயும். கடையில் காயில் சுற்றும்போது எண்ணிக்கை தவறியது. முன்பு அப்படி ஆனதே இல்லை.

ஒருநாள் ஒரு சின்னப் பெண் பின்னாலிருந்து எட்டிக் கேட்டாள். "மாமா, நீங்க எதுக்கு எல்லாத்துக்கும் பேர் சொல்றீங்க?"

"வெளாட்டுக்குப் பாப்பா."

மறுநாளிலிருந்து வேன் முழுக்க அந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டது. "மாடு! லாரி! காக்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பொன்னழகு சிரித்தார். அமலனால் சிரிக்க முடியவில்லை.

லத்தீபிடம் எதையும் அதிக நாள் மறைக்க முடியாது. டீ குடிக்கும்போதே அமலன் தூங்கி விழுந்தார். பொன்னழகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் லத்தீப் தனியாகக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்டுவிட்டார். அமலன் எல்லாவற்றையும் கொட்டினார். கேட்டு முடித்த லத்தீப் வெகுநேரம் தாடியிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அவனுக்கு ஒத்தாச பண்றதா நெனச்சுக்கிட்டிருக்கே. நீ கூட வாரதுனாலதான் அவன் இன்னும் ஓட்டுறான்."

"பாய், அரைப் பரீட்சை லீவு வரட்டும். லீவுல பேசி முடிச்சிருவோம்."

"அதுவரைக்கும் அல்லா பொறுப்பா? திங்கக்கெழம நீ பள்ளிக்கூடத்துல சொல்லலேன்னா செவ்வாக்கெழம நான் போய்ச் சொல்றேன்."

ஞாயிறு அன்று பொன்னழகு வரவில்லை. தோட்டத்தில் வேலை என்று போன் செய்தார். திங்கட்கிழமை விடிந்தபோது ஊரே மார்கழிப் பனியில் மூழ்கியிருந்தது. அமலன் அன்றும் வேனில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கியதும் பொன்னழகிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

விளக்குகளைப் போட்டுக்கொண்டு வேன் ஊர்ந்தது. பனி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. தெரியாததையெல்லாம் தெரிவதாகக் கத்தினார்கள். "யானை! பேய்! கப்பல்!" சர்வீஸ் ரோட்டில் திரும்பியதும் இடது ஓரத்தில் ஒரு சைக்கிள் மங்கலாக அசைவது அமலன் கண்ணில் பட்டது.

"ஆளு," என்றார்.

"ஆளு! ஆளு! ரெண்டு ஆளு!" என்று பின்னால் குரல்கள் எழுந்தன. பொன்னழகு அதையும் யானையோடும் பேயோடும் சேர்த்துக்கொண்டார். வேன் நேராகவே போனது.

"அழகு, நெசமாவே ஆளு. நிறுத்து."

பிரேக் விழுந்தது. பம்பர் சைக்கிளின் பின்சக்கரத்தை இடித்த சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள்.

அமலன் குதித்து ஓடினார். பூ மார்க்கெட்டுக்குப் போகிற சைக்கிள். மூட்டை அவிழ்ந்து சாலையெல்லாம் செவ்வந்தி. சேற்றில் விழுந்திருந்தவர் தானே எழுந்து உட்கார்ந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம் வடிந்தது. பக்கத்து ஊர் ராமர். பொன்னழகை அடையாளம் கண்டதும் அவரே சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்களா. நானும் மணி அடிச்சேன்ணே. பனில தெரிஞ்சிருக்காது."

பொன்னழகு நின்றார். அமலன் அவர் முகத்தையே பார்த்தார்.

"ஆமாப்பா," என்றார் பொன்னழகு. "பனி."

அந்த ஒரு சொல்லில் அமலனுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. பனிக்குப் பிறகு மழை வரும், வெயில் வரும், எதிர்வெளிச்சம் வரும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு நல்லவன் சாக்கைக் கையில் கொடுப்பான்.

ராமரின் முழங்கையில் துண்டைக் கட்டி, ஒரு ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மிச்ச தூரத்தைப் பொன்னழகு நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. கடைசிப் பிள்ளை இறங்கியதும் அமலன் பள்ளி அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்.

"அமலா, எங்க போறே?"

"உள்ள."

"ஏலே, நில்லு. போனேன்னா இனி என் மூஞ்சில முழிக்காத."

அமலன் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று தெரிந்தது. பார்க்காமலே போனார்.

தலைமை ஆசிரியை முழுவதையும் கேட்டார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"சிநேகிதன், டீச்சர்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு மூணு வாரமாத் தெரியும். நானும் கூடத்தான் வந்தேன்," என்றார். அந்த அம்மாள் பார்த்த பார்வையை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பொன்னழகு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தெரிகிற வலப்பக்கமாகவே போய் ஜன்னலருகில் நின்றார் அமலன். பொன்னழகு தலையைத் திருப்பவில்லை. கருப்புசாமி என்ற வேறொரு டிரைவரைப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். பொன்னழகு இறங்கி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அன்று மதியம் மூக்காயி போன் செய்தார். திட்டுவார் என்று அமலன் நினைத்தார்.

"அண்ணே, நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. எங்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஊரு பூரா தெரிஞ்ச பெறகு எனக்குத் தெரியுது."

ரூபிக்கும் அமலன் அன்றுதான் சொன்னார். ரூபி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடைப்பயிற்சின்னு எங்கிட்டயே சொன்னீங்கள்ல," என்றார்.

அந்த ஞாயிறு அமலன் மெத்தைக் கடைக்குப் போகவில்லை. லத்தீப் போன் செய்தார்.

"டீ சொல்லிட்டேன். வா."

"அவன் வந்தா?"

"வரமாட்டான். நீ வா."

பொன்னழகு புதன்கிழமைகளில் லத்தீபிடம் வர ஆரம்பித்திருந்தார். "ஞாயித்துக்கெழம ஒனக்கு, புதன்கெழம அவனுக்கு. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பா ஆயிருச்சு என் பொழப்பு," என்றார் லத்தீப். ஆனால் தூது மட்டும் போகவில்லை. அமலன் என்ன சொல்லச் சொன்னாலும், "அத நீ சொல்லு. எனக்கு எதுக்கு?" என்று முடித்துவிடுவார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: மூக்காயி மூன்று வேளையும் தானே மருந்து விடுகிறார், மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் லத்தீப் கூட்டிப்போகிறார். பொங்கல் போனது. ரூபியின் அண்ணன் வீட்டு விசேஷம் போனது. அமலன் பலமுறை போனை எடுத்து அந்தப் பெயர் வரை போய் வைத்துவிட்டார்.

நோன்பு மாதத்தில் லத்தீப் கூப்பிட்டார். "வியாழக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வா. மதுரை பஸ் நிக்கிற எடத்துக்கு. எனக்கு ஒரு சோலி இருக்கு." அமலன் போனார். அங்கே பொன்னழகு மட்டும் ஆஸ்பத்திரிப் பையோடு நின்றிருந்தார்.

இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. பொன்னழகு பஸ்ஸில் ஏறினார். அமலன் பக்கத்தில் உட்கார்ந்தார். மதுரை வரை ஒரு வார்த்தை இல்லை. நடத்துநர் டிக்கெட் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, இருவரும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

பரிசோதித்த டாக்டர், போனது போனதுதான், ஆனால் புதிதாக எதுவும் போகவில்லை என்றார். கண் பாப்பா விரிவதற்கு மருந்து விட்டிருந்ததால் பொன்னழகு கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார். மூடிய கண்ணோடு பேசினார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"உள்ள போறதுக்கு முந்தி எங்கிட்ட இன்னொரு தடவ கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பியா?"

பொன்னழகு யோசித்தார். "மாட்டேன்."

"பெறகு?"

"பெறகும் கேட்டிருக்கணும்."

அமலன் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி. கேட்டிருக்கணும்," என்றார்.

"அந்த ராமருக்குக் கை எப்படி இருக்கு?"

"ஆறிருச்சு. ரெண்டு தடவ போய்ப் பாத்தேன்."

"நானும் போனேன். பனி இல்லப்பான்னு சொன்னேன்." பொன்னழகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பசிக்குது. எந்திரி."

அடுத்த ஞாயிறே எல்லாம் சரியாகிவிடவில்லை. பொன்னழகு வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. பெருநாள் முடிந்து ஒரு ஞாயிறு, பஸ்ஸில் வந்து இறங்கி, ஷட்டருக்குக் குனிந்து உள்ளே நுழைந்தார். இப்போது பெரும்பாலும் வருகிறார். வேனைக் கருப்புசாமி சம்பளத்துக்கு ஓட்டுகிறார். பழைய பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. சில நேரம் நடுவில் சட்டென்று ஒரு மௌனம் விழும். மூவருக்கும் அது எதைப் பற்றியது என்று தெரியும். யாரும் எழுந்து போவதில்லை.

போன மாதம் லத்தீப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெத்தை மேல் ஏற முடியாமல் தவித்தார். வாயுப்பிடிப்பு, தானாகப் போய்விடும் என்றார். டாக்டரிடம் போகச் சொல்லி அமலன் மூன்றாவது வாரமாகக் கெஞ்சினார்.

பொன்னழகு டீயை ஊதிக்கொண்டே, "பாய், ஒழுங்கா டாக்டர்ட்ட போயிரு. இல்லேன்னா இவன் நேராப் போய் ஜமாத்துல சொல்லிப்புடுவான்," என்றார்.

லத்தீப் முழங்கால் வலியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அமலனுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பொன்னழகின் முகத்தைப் பார்த்தார். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, லத்தீபின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, "எங்க வலிக்குது, காட்டு," என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.